யார் செய்த பாவம்?

கர்த்தருக்குள் அன்பான சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, விஷயத்துக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கடையைப் பூட்டியாயிற்று. குழுக் கடன் தவணைக்கு வாரந்தோறும் வாசலில் ஆள் வந்து நிற்கிறார். இவ்வளவையும் நாலு வரியில் முடித்துவிட்டு, மீதிப் பக்கம் முழுவதையும் வீட்டு ஜெபத்துக்கு வந்த பெண்கள் பேசிய பேச்சுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். எது அதிகம் வலிக்கிறது என்று அதிலேயே தெரிகிறது. ஒருவர், "வீட்டுக்குள்ள மறைஞ்ச பாவம் ஏதோ இருக்கு, அறிக்கை செய்யுங்க" என்றார். இன்னொருவர், தசமபாகம் நின்றுபோனதைக் காரணமாகச் சொன்னார். மூன்றாமவர், "விசுவாசம் இருந்தா மாத்திரைய நிறுத்திப் பாருங்க" என்றார். அன்றிலிருந்து நீங்கள் ஆலயத்துக்குப் போகவில்லை. "வியாதியத் தாங்கிக்கிட்டேன் ஐயா, இவங்க பேச்சத்தான் தாங்க முடியல" என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் மாத்திரை. மற்றதெல்லாம் பிறகு பேசலாம். டாக்டர் சொல்லாமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். ஒரு தடவை பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக்கொதிப்பு கட்டுப்பாட்டில் இல்லை என்றால் இரண்டாம் தடவை வரும் ஆபத்து கூடும். இதில் விசுவாசத்தைச் சோதித்துப் பார்க்க ஒன்றுமே இல்லை. எசேக்கியா ராஜா சாகக் கிடந்து சுவர்ப்பக்கம் திரும்பி அழுதபோது, குணமாக்குவேன் என்ற ஆண்டவருடைய வாக்கு ஏசாயா மூலமாக வந்தது. அந்த வாக்கைக் கொண்டுவந்த அதே ஏசாயாதான், அத்திப்பழ அடையை எடுத்துவந்து கட்டியின்மேல் பற்றுப் போடவும் சொன்னார். வாக்குக் கொடுத்தாயிற்றே, மருந்து எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டு ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த மருத்துவ ஊழியம்தான் இன்றைக்கு நாடே அறிந்த சி.எம்.சி.யாக நிற்கிறது. ஜெபிக்கத் தெரியாமலா அவர் அதை ஆரம்பித்தார்? மாத்திரையை வாயில் போடும்போது ஸ்தோத்திரம் சொல்லிப் போடச் சொல்லுங்கள். அதுவும் ஜெபந்தான்.

இனி, அந்தப் பெண்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அது அவர்களாகக் கண்டுபிடித்த கேள்வி கிடையாது. பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவரை வழியில் பார்த்ததும், இயேசுவோடு கூடவே நடந்த சீஷர்களே அதைத்தான் கேட்டார்கள்: இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா? யாரைப் பற்றிக் கேட்டார்களோ அவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். கண்தான் தெரியாது, காது கேட்கும். தன்னை வைத்துக்கொண்டே தன் பாவத்தைப் பற்றி நாலு பேர் ஆராய்கிறார்கள். உங்கள் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்த உங்கள் கணவரின் நிலைமையும் அதுதான். அவர் பேச்சுக் குழறுகிறதே தவிர, எல்லாம் புரிகிறது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

இயேசு அந்த இரண்டையுமே மறுத்துவிட்டார். இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. அதற்குமேல் ஆராய்ச்சியில் இறங்காமல் மண்ணைக் குழைத்துக் கண்ணில் பூசி, சீலோவாம் குளத்துக்குப் போய்க் கழுவிவரச் சொன்னார். இன்னொரு சமயம், அதே சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றிப் பேச்சு வந்தது. செத்தவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரைவிடவும் அதிகப் பாவிகளா என்ன, என்று கேட்டவர் அவரே. இல்லை என்று பதில் சொன்னவரும் அவரே. சொல்லிவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார். அடுத்தவனுடைய பாவக் கணக்கை எடுத்துக்கொண்டு வந்தவர்களிடம் அவரவர் கணக்கைத்தான் அவர் திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் பார்வையற்றவர் கதையின் பின்பாதியை நம் பிரசங்கங்களில் அதிகம் கேட்க முடிவதில்லை. எனக்கோ அதுதான் முக்கியமாகப் படுகிறது. கண் கிடைத்த பிறகும் அவரை விட்டார்களா? அக்கம்பக்கத்தார், இவன் அவன்தானா என்று சந்தேகப்பட்டார்கள். பரிசேயர்கள் கூப்பிட்டு விசாரித்தார்கள். பெற்றவர்களையும் கூப்பிட்டார்கள். ஜெபஆலயத்தைவிட்டு நீக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் அவர்கள், "அவனையே கேளுங்கள், வயது வந்தவன்தானே" என்று நழுவிக்கொண்டார்கள். அவரை இரண்டாம் தடவையும் விசாரித்தார்கள். பெரிய வேத விளக்கம் எதுவும் அவரிடம் இல்லை. முன்பு கண் தெரியாது, இப்போது தெரிகிறது, அவ்வளவுதான் என்றார். கடைசியில், முழுக்கப் பாவத்திலேயே பிறந்தவன் நீ எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாயா என்று கேட்டு வெளியே தள்ளிவிட்டார்கள். சுகம் கிடைக்காதபோது பாவி என்றார்கள், கிடைத்த பிறகும் பாவி என்றார்கள்.

அவரை வெளியே தள்ளிய செய்தி இயேசுவின் காதுக்கு எட்டியது. அவர் தேடிப்போய் அந்த மனிதரைக் கண்டுபிடித்தார். சகோதரி, ஆலயத்துக்குப் போகாமல் இருந்த இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளையும் ஆண்டவர் உங்கள்மேல் குற்றமாக எழுதிக்கொண்டிருப்பார் என்று பயப்படுகிறீர்களே, அதற்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். வெளியே தள்ளப்பட்டவரைத் தேடி அவர் வெளியேதான் போனார்.

அந்தப் பெண்கள் ஏன் அப்படிப் பேசினார்கள்? அவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதில் ஒருவர் உங்கள் பிரசவத்துக்குக் கூட இருந்தவர். யோபுவின் சிநேகிதர்களும் அப்படித்தான். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூன்று பேரும் சொல்லிவைத்துக்கொண்டு தூரத்து ஊர்களிலிருந்து புறப்பட்டு வந்தார்கள். பார்த்ததும் அடையாளம் தெரியாமல் சத்தமிட்டு அழுதார்கள். ஏழு நாள் பகலும் இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் செய்ததில் ஒரு குறையும் இல்லை. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. யோபு அவர்களிடம், என் ஆபத்தைப் பார்த்துப் பயந்துபோனீர்கள் என்கிறார். எனக்கு அந்தப் புத்தகத்திலேயே மிகவும் பிடித்த இடங்களில் ஒன்று அது. நல்லவனுக்கே இப்படி வரும் என்றால் நமக்கும் வரலாமே என்ற பயம்! அந்தப் பயத்தில் கையும் ஓடாது, காலும் ஓடாது. உடனே ஒரு காரணம் வேண்டும். அவர் வீட்டில் பாவம் இருந்தது, காணிக்கை நின்றது, விசுவாசம் குறைந்தது என்று ஏதாவது ஒன்று கிடைத்துவிட்டால், நம் வீட்டில் அது இல்லை, நமக்கு வராது என்று நிம்மதியாகத் தூங்கலாம். உங்கள் வீட்டு வாசற்படி இறங்கும்போது அந்தப் பெண்கள் எடுத்துக்கொண்டு போனது அந்த நிம்மதியைத்தான். அதற்கான விலையை உங்கள் தலையில் வைத்துவிட்டார்கள் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்காது.

இதை நான் சொல்வது அவர்களுக்கு வக்காலத்து வாங்க அல்ல. அந்தப் பேச்சில் உங்களைப் பற்றிய உண்மை ஒன்றும் இல்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது அவர்களுடைய பயத்தின் பேச்சு.

அவர்களுக்குப் பதில் சொல்லவா, பேசாமல் இருக்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். யோபு பதில் சொல்லிப் பார்த்தார். 42 அதிகாரமுள்ள புத்தகத்தில் பெரும்பகுதி அந்த வாக்குவாதந்தான். ஒருவர்கூட மனம் மாறவில்லை. நான்காவதாக எலிகூ என்ற ஒரு வாலிபனும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம். நீங்களும் தசமபாகம் ஏன் நின்றது, எந்த மாதம் கடையில் வியாபாரம் படுத்தது என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்தால் அதற்கு முடிவே இருக்காது. ஒரே ஒரு வாக்கியம் போதும்: "எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க, காரணம் மட்டும் சொல்லாதீங்க." இதைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. மரியாதையாகவே சொல்லலாம். அன்னாள் சீலோவிலே உதடு மட்டும் அசைய அழுது ஜெபித்தபோது, ஆசாரியனாகிய ஏலியே அவளைக் குடிவெறியில் இருக்கிறாள் என்று நினைத்துக் கண்டித்தார். அவள் சண்டைக்கும் போகவில்லை, குற்றத்தை ஒத்துக்கொள்ளவும் இல்லை. நான் குடிக்கவில்லை, மனக்கஷ்டத்தில் என் உள்ளத்தைக் கர்த்தரிடம் கொட்டிக்கொண்டிருந்தேன் என்று உள்ளதைச் சொன்னாள். ஏலியும் தன் பேச்சை மாற்றி, சமாதானமாகப் போ என்று வாழ்த்தி அனுப்பினார். உங்களிடம் பேசியவர்கள் மாறுவார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்னாள் சொன்ன அளவுக்குச் சொல்லிவிட்டால் உங்கள் பங்கு தீர்ந்தது.

மீதி எல்லாவற்றையும் ஆண்டவரிடம் பேசுங்கள். இங்கேதான் நீங்கள் மிகவும் தயங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். ராத்திரியில் கணவருக்குப் படுக்கை மாற்றிவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து, "ஏன் ஆண்டவரே எங்களை இப்படிப் பண்ணுறீங்க" என்று அழுததாகவும், மறுநாள் காலையில் அது முறுமுறுப்பு என்று பயந்து மன்னிப்புக் கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மன்னிப்பு தேவையே இல்லை. யோபு என்னென்ன பேசினார் தெரியுமா? பிறந்த நாளையே சபித்தார். என்னை ஏன் குறிவைத்து அடிக்கிறீர் என்று கேட்டார். எச்சில் விழுங்கக்கூட நேரம் தரமாட்டீரா என்றார். ஆண்டவரைக் காப்பாற்றுகிற பேச்சையெல்லாம் பேசியவர்கள் சிநேகிதர்கள். கடைசியில் ஆண்டவர் என்ன சொன்னார்? எலிப்பாஸைப் பார்த்து, நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை, யோபுதான் பேசினான் என்றார். அந்த மூவரும் ஆண்டவரைப் பற்றி எவ்வளவோ பேசினார்கள், அவரிடம் ஒரு வார்த்தை பேசியதாக அந்தப் புத்தகத்தில் இல்லை. யோபுவோ கோபத்திலும் அவரிடமே போய் நின்றார்.

சங்கீதங்களிலும் புலம்பல்தான் எவ்வளவு! 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசி வரிகளிலாவது ஒரு நம்பிக்கை, ஒரு துதி வந்துவிடும். இதில் அதுவும் இல்லை, இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் வேதத்திலிருந்து யாரும் எடுத்துப் போடவில்லை. ஆலயத்தில் முறை வைத்துப் படிக்கிறோம். நம் ஊரில் துஷ்டி வீட்டில் பெண்கள் ஒப்பாரி வைத்து, செத்தவரையும் கேள்வி கேட்பார்கள், படைத்தவனையும் கேள்வி கேட்பார்கள். சபைக்குள் வந்ததும் நாம் அந்தக் குரலை அடக்கப் பழகிவிட்டோம். எப்போதும் ஜெயம், எப்போதும் சாட்சி. அழுகிறவர் தன்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்று எண்ணிப் பின்வரிசைக்குப் போகிறார், பிறகு வாசலுக்குப் போகிறார். இது நம் சபைகளுக்கு வந்திருக்கிற நோய் என்றே நினைக்கிறேன். ராத்திரி அடுப்படியில் நீங்கள் கேட்டது விசுவாசமுள்ள ஒரு பெண் கேட்கிற கேள்வி. கேட்டுக்கொண்டே இருங்கள்.

திருநெல்வேலிச் சபையின் பிள்ளைகள் நீங்களும் நானும். அந்தச் சபை யாரிடமிருந்து தொடங்கியது என்பதை நினைத்துப் பாருங்கள். குளோரிந்தா அம்மாள் தஞ்சையிலிருந்து வந்த மராத்தியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி அவரை உடன்கட்டைச் சிதையிலிருந்து காப்பாற்றினார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். மணம் செய்யாமலே இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். சொந்தச் சாதிக்கு அவர் ஆகாதவர் ஆகிவிட்டார். ஞானஸ்நானம் கேட்டபோது, இந்த நிலைமையில் தர முடியாது என்று மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரும் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778ஆம் ஆண்டில்தான் கொடுத்தார். ஷ்வார்ட்ஸ் ஐயருக்கு அவருடைய நியாயம் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். சாதியும் வேண்டாம் என்கிறது, சபையும் பொறு என்கிறது. அவர் இந்த இரண்டுக்கும் நடுவில் தன் விசுவாசத்தை விட்டுவிடாமல் காத்திருந்தார். 1780இல் பாளையங்கோட்டைச் சபையின் முதல் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். 1785இல் அவர் முயற்சியால் எழும்பிய ஆலயத்தை அதே ஷ்வார்ட்ஸ் ஐயர் வந்து பிரதிஷ்டை செய்தார். இன்றைக்கும் ஊரில் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். ஊரும் சபையும் ஒதுக்கிவைத்த ஒரு பெண்ணை அஸ்திவாரமாக வைத்து ஆண்டவர் கட்டிய திருச்சபை இது. அதில் உட்கார உங்களுக்கு இடம் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

மன்னிப்பதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். யோபுவின் முடிவில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, கவனியுங்கள். யோபு எழுந்து சிநேகிதர்களிடம் போகவில்லை. அவர்கள்தான் ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் கொண்டுபோய்ப் பலியிட்டு, யோபு தங்களுக்காக ஜெபிக்கும்படி அவரிடம் வர வேண்டும் என்று ஆண்டவர் சொன்னார். அவர்கள் வந்தார்கள், யோபு ஜெபித்தார். அவருடைய நிலைமை திரும்பியது அப்போதுதான். ஆகவே, ஒன்றுமே நடக்காததுபோல் நாளைக்கே எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுக்க வேண்டும் என்று உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். அவர்கள் பெயரைச் சொல்லி ஜெபிக்க ஆரம்பியுங்கள். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் அந்த ஜெபம் வரும், பரவாயில்லை. பிரசவத்துக்குக் கூட இருந்தவர் மட்டும் தனியாக வந்தால், கதவைத் திறந்துவிடுங்கள்.

இந்தக் கடிதத்தைப் படிக்கிற ஜெபக்குழுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நோயாளி வீட்டுக்குப் போகிறவர்கள் அந்த ஏழு நாளைக் கற்றுக்கொள்ளுங்கள். போய்ச் சும்மா உட்காருங்கள். ஒரு ஜெபம், ஒரு பாட்டு போதும். பிறகு, அந்தம்மா குளித்து எத்தனை நாள் ஆயிற்று என்று பார்த்து, நோயாளிக்கு அருகில் ஒரு மணி நேரம் இருந்து, அவரைக் குளித்துவரச் சொல்லுங்கள். ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சியும் துவையலும் கொண்டுபோங்கள். யாராவது ஒரு பையன் வாரத்தில் இரண்டு நாள் வந்து அவரைத் தாங்கிப் பிடித்து நடக்கவைத்தால், அதைவிட ஒரு நல்ல உபவாச ஜெபம் எனக்குத் தெரியாது.

சகோதரி, இனி சில காரியங்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சியும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். பக்கவாதம் வந்த முதல் சில மாதங்களில் பயிற்சிக்கு நல்ல பலன் இருக்கும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள், தள்ளிப்போடாதீர்கள். கடன் விஷயத்தில், குழுக் கடன் வசூலுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் விதிகள் போட்டிருக்கிறது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது, கேவலமாகப் பேசக் கூடாது, சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. கணவரின் மருத்துவச் சீட்டுகளைப் பிரதி எடுத்து இணைத்து, தவணையை மாற்றித் தரக் கேட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள். வாசலில் வந்து நிற்கிறவரிடம் வாயால் சொன்னது கணக்கில் நிற்காது. தெருவில் நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூசிக் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். வியாதிக்காகப் பட்ட கடனில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

வருகிற ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் ஆலயத்துக்குப் போங்கள். கணவரை ஆட்டோவில் கூட்டிப்போக வழி இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வழக்கமாக உட்காருகிற இடத்திலேயே உட்காரட்டும். முடியவில்லை என்றால் இன்னொரு ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம். ஆயரிடம் மட்டும் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நோயாளிகளுக்கு அப்படிக் கொடுக்கிற வழக்கம் நம் சபையில் உண்டு. அதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

மகள் பிளஸ் டூ எழுதப்போகிறாள் என்று ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். என்ன குரூப் எடுத்திருக்கிறாள், பரீட்சைக்குப் பணம் கட்டியாயிற்றா, அப்பாவைப் பார்த்துக்கொள்வதில் ராத்திரி படிக்க அவளுக்கு நேரம் கிடைக்கிறதா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். கல்லூரிக்கு உதவி கேட்கச் சில இடங்கள் தெரியும். மதிப்பெண் வருமுன்பே பேசி வைப்பது நல்லது.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் அண்ணன்